பிணப்போர்வைக் கணக்கில் ஒளிந்திருக்கும் முன்னோர்

ஸ்கொட்லாந்து சிறிய நாடு. ஆயினும் அங்கிருந்து வெளியேறியோரின் வழித்தோன்றல்கள் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா என உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். அவர்களிற் பலர் வாழ்வின் ஒரு கட்டத்தில், தம் பாட்டனின் பாட்டன் எந்த ஊரிற் பிறந்தான், எந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டான் என்று தேடத் தொடங்குகின்றனர். பழைய தேவாலயங்களின் பதிவேடுகளும் சேமக்காலைகளின் கற்களுமே அத்தேடலுக்கு ஆதாரம். புலம்பெயர்ந்த சமூகமொன்று தன் வேரைத் தேடும் இம்முயற்சி நமக்கும் சில பாடங்களைச் சொல்லக்கூடியது என்பதால், இதுபற்றி வாசித்தறிந்தவற்றை இங்கு தொகுத்துத் தருகின்றேன்.

முதலில் ஒரு தேதியை மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். 1855 ஜனவரி 1. அன்றுதான் ஸ்கொட்லாந்தில் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகிய மூன்றையும் அரசாங்கமே கட்டாயமாகப் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் இது 1837இலேயே வந்துவிட்டது. 1855இற்குப் பின் இறந்த ஒருவரைத் தேடுவது ஓரளவு எளிது. அதற்கு முற்பட்டவரைத் தேடுவோர் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளையே நாடவேண்டும். 900இற்கு மேற்பட்ட பங்குகளிலிருந்து ஏறத்தாழ 3,500 பதிவேடுகள் எஞ்சியுள்ளன. இவற்றுள் மிகப் பழையது பேர்த்ஷயரிலுள்ள எரொல் என்னும் பங்கினுடையது. அது 1553ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றது.

மூவாயிரத்து ஐந்நூறு பதிவேடுகள் என்றதும் எல்லாருடைய பெயரும் அங்கிருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. தொடர்ச்சி ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. மேட்டுநிலப் பகுதிகளிலும் தீவுகளிலும் பல பங்குகளின் ஏடுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்லது அதற்கும் பின்னரே தொடங்குகின்றன. தொடங்கிய ஏடுகளிலும் இடையிடையே பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கும். ஞானஸ்நானப் பதிவுகளே ஓரளவு அதிகம். அடுத்து விவாகப் பதிவுகள். அடக்கப் பதிவுகளோ மிகக் குறைவு. பல பங்குகளில் அடக்கப் பதிவேடு என்ற ஒன்றே இல்லை. இருக்கும் இடங்களிலும் அது நாம் எதிர்பார்க்கும் மரணப் பதிவேடு அன்று.

அப்படியானால் அது என்ன? பெரும்பாலும் அது ஒரு வாடகைக் கணக்கு. அக்காலத்தில் சவப்பெட்டியின் மீது, பெட்டி இல்லாதவிடத்துச் சடலத்தின் மீதே, ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திச் சேமக்காலைக்குக் கொண்டுசெல்வது வழக்கம். ஸ்கொட்லாந்தியர் அதனை மோர்ட்குளோத் என்றனர். நாம் பிணப்போர்வை எனலாம். இப்போர்வை பங்கின் சொத்து. மதகுருவும் மூப்பர்களும் அடங்கிய பங்குச் சபை அதனை வாடகைக்கு விட்டது. வெல்வெட்டாலான உயர்ந்த போர்வைக்கு ஒரு தொகை, சாதாரணமானதற்கு ஒரு தொகை, குழந்தைகளுக்கான சிறிய போர்வைக்கு ஒரு தொகை. இவ்வருமானம் பங்கிலிருந்த ஏழைகளின் நிதியிற் சேர்ந்தது. வந்த பணத்துக்குக் கணக்கு வைக்கவேண்டிய சபையின் எழுத்தர் இன்னாரது போர்வைக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகளின் பின் ஒரு பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை தேடிவந்து காண்பது இந்த வரவுக் குறிப்பைத்தான்.

இதனை விளங்கிக்கொண்டால் அடக்கப் பதிவுகளின் மௌனங்களும் விளங்கும். போர்வை வாடகைக்கு எடுக்க வழியற்ற ஏழையின் பெயர் கணக்கில் வராது. பல இடங்களிற் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் போர்வையின்றியே அடக்கம் செய்யப்பட்டனர். ஆகவே அவர்களும் வரமாட்டார்கள். தச்சர், நெசவாளர் போன்ற தொழிற்சங்கங்கள் சில தமக்கெனச் சொந்தப் போர்வை வைத்திருந்தன. அச்சங்கத்து உறுப்பினர் வசதியுள்ளவராயினும் பங்குக் கணக்கில் இடம்பெறமாட்டார். ஏட்டிலுள்ள திகதி இறந்த நாளாகவோ அடக்க நாளாகவோ இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பணம் செலுத்திய நாளாகவும் இருக்கலாம். சில பங்குகளில் ஏழைகளைச் சேமக்காலைவரை கொண்டுசெல்லவென ஒரு பொதுச் சவப்பெட்டி இருந்தது. குழியருகே சடலம் இறக்கப்பட்டபின் பெட்டி அடுத்தவருக்காகத் திரும்பிவந்தது. அவ்வாறு போனவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு தடையை எழுப்பியது. 1783இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பிறப்பு, விவாகம், அடக்கம் ஆகிய ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி விதித்தது. வறியோர் என ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வறியோர் பட்டியலிற் சேர விரும்பாத, அதேவேளை மூன்று பென்ஸைச் செலவிடவும் தயங்கிய உழைப்பாளிகள் பலர் பதிவையே தவிர்த்தனர். 1794இல் வரி நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளிற் பிறந்த ஒருவரைத் தேடுவோர், அவர் பெயர் ஏட்டில் இல்லையென்பதால் அவர் அங்கு பிறக்கவில்லை என்று முடிவுகட்டலாகாது.

இன்னொரு காரணம் திருச்சபையின் பிளவுகள். 1733இல் ஒரு பிரிவு, 1761இல் மற்றொரு பிரிவு, இறுதியாக 1843இல் பெரும் பிளவு. அப்போது நாட்டின் மதகுருமாரில் மூன்றிலொரு பங்கினரளவில் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தனர். பிரிந்துசென்ற சபைகளின் பிள்ளைகள் பழைய பங்கின் ஏட்டில் இருப்பது அருமை. கத்தோலிக்கரின் ஏடுகளும் வேறானவை. குடும்பம் எந்தச் சபையைச் சார்ந்திருந்தது என அறியாமல் தேடினால் நாட்கள் வீணாகும்.

பெயரைக் காண்பதோடும் சிக்கல் தீர்வதில்லை. எழுத்துக்கூட்டல் எழுத்தரின் காதைப் பொறுத்தது. ஸ்கொட்லாந்தின் தேசியக் கவிஞர் ரொபேர்ட் பேர்ன்ஸ் 1759 ஜனவரி 25இல் பிறந்து மறுநாள் ஞானஸ்நானம் பெற்றமை ஏயர் நகரப் பங்குப் பதிவேட்டிற் காணப்படுகின்றது. ஆனால் அவரது தந்தை தம் பெயரை எழுதிய முறையும் மகன் பின்னாளில் 1786 முதல் நிலையாக்கிக்கொண்ட முறையும் வேறு வேறு. உலகறிந்த குடும்பத்துக்கே இந்நிலை என்றால் எழுதப்படிக்கத் தெரியாத கூலியாளின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு பெயர் கிடைக்கவில்லையெனில் அதன் ஓசைக்கு அண்மித்த எல்லாக் கூட்டல்களையும் தேடிப்பார்ப்பதே அனுபவசாலிகளின் முறை.

தேடுவோருக்குக் கைகொடுக்கும் இரு வழக்கங்களும் அந்நாட்டில் இருந்தன. ஒன்று, மணமான பின்னும் பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் அழிவதில்லை. ஆவணங்களிலும் கல்லறைக் கற்களிலும் அவள் பெரும்பாலும் தன் தந்தை வழிப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். எனவே தாய் வழியையும் பின்தொடர முடிகின்றது. மற்றையது பெயரிடும் ஒழுங்கு. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தந்தை பெயர், மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தந்தையின் தாய் பெயர். இது சட்டமன்று, வழக்கம் மாத்திரமே. ஆயினும் பிள்ளைகளின் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஏட்டில் அகப்படாத பாட்டன் பாட்டியின் பெயரை ஊகிக்க முடியும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் பெயரன் என்றும், அது மருவிப் பேரன் என்றும் வழங்கிய நமக்கு இது புதிதன்று. யாழ்ப்பாணத்திற் பாட்டனாரையும் பேரன் என்றே குறிப்பிடும் வழக்கு உண்டு.

பதிவேடு கைவிட்ட இடத்திற் கல்லைத் தேடிச் செல்வர். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் சேமக்காலை 1562இல் மேரி அரசியால் நகரத்துக்கு வழங்கப்பட்டது. அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் 1658 முதல் 1700 வரையான பதிவுகளை ஸ்கொட்லாந்து ஆவணச் சங்கம் 1902இலேயே அச்சிட்டது. நாட்டுப்புறச் சேமக்காலைகளில் 1855இற்கு முற்பட்ட கல்லெழுத்துகளை மாவட்டம் மாவட்டமாகப் படியெடுத்துத் தொகுத்த பெருமை மிச்செல் தம்பதியரைச் சாரும். பின்னர் சிதைந்துபோன எத்தனையோ கற்களின் வாசகங்கள் இன்று அத்தொகுப்புகளில்தான் உள்ளன. பாசி படர்ந்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது கல்லையே அழிக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும் என்பது அவர்கள் தரும் அறிவுரை.

கல்லும் பொய் சொல்லும். கவிஞர் ரொபேர்ட் பேர்கசன் 1774இல், இருபத்து நான்கு வயதில், எடின்பரோவின் மனநோயாளர் விடுதியில் இறந்தார். கனன்கேற் சேமக்காலையில் அவரது குழி அடையாளமின்றிக் கிடந்தது. 1787இல் அங்கு சென்ற பேர்ன்ஸ் தம் செலவிற் கல் நாட்ட அனுமதி பெற்றார். கல் எழ இரண்டு ஆண்டுகள் சென்றன. பணத்தைக் கொடுத்துமுடிக்க அவருக்கு 1792 ஆயிற்று. அன்பினால் எழுந்த அக்கல்லிற் பேர்கசன் பிறந்த ஆண்டு 1751 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பிறந்ததோ 1750இல். கல்லறைக் கல் பெரும்பாலும் இறப்புக்குப் பின், சில வேளைகளிற் பல ஆண்டுகளுக்குப் பின், நினைவிலிருந்து எழுதப்படுவது. அதனை ஏட்டோடு ஒப்பிடாமல் நம்புவதற்கில்லை.

கல்லின் கீழ் உடல் இருக்கின்றதா என்பதுங்கூட ஒரு காலத்திற் கேள்வியாக இருந்தது. எடின்பரோ மருத்துவக் கல்விக்குப் பிணங்கள் தேவைப்பட்டன. புதைத்த உடல்களை இரவிற் தோண்டி விற்கும் கூட்டங்கள் உருவாகின. வசதியுள்ளோர் குழியின் மேல் இரும்புக் கூடுகளைப் பொருத்தினர். ஊரவர் சேமக்காலை வாயிலிற் காவற் குடில்களைக் கட்டினர். அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. 1828இல் பேர்க், ஹெயர் என்ற இருவர் தோண்டும் சிரமத்தையும் தவிர்த்து, பதினாறு பேரைக் கொன்றே மருத்துவர் ரொபேர்ட் நொக்ஸுக்கு விற்றமை அம்பலமாகியது. இதன் எதிரொலியாக 1832இல் வந்த உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோர எவருமற்ற உடல்களை மருத்துவக் கல்விக்கு வழங்க வழிசெய்தது. உரிமை கோர எவருமற்றோர் பெரும்பாலும் ஏழை விடுதிகளில் இறந்தவர்கள். இங்கும் இழந்தவர் ஏழைகளே.

இவற்றையெல்லாம் கடந்து 1855இற்கு வருவோம். முதலாவது பதிவாளர் நாயகமான வில்லியம் பிற் டன்டாஸின் காலத்தில் அறிமுகமான புதிய படிவங்கள் வியப்பளிப்பவை. அவ்வாண்டு இறந்த ஒருவரின் பதிவில் அவர் பிறந்த இடம், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் அனைவரின் பெயரும் வயதும், முன்னரே இறந்த பிள்ளைகள், அடக்கம் செய்த இடம் எல்லாம் கேட்கப்பட்டன. எழுத்தர்களால் அப்பாரத்தைத் தாங்க முடியவில்லை. 1856இல் பல விபரங்கள் நீக்கப்பட்டன. அடக்கம் செய்த இடத்தைக் குறிப்பதும் 1860உடன் நின்றது. முன்னோரைத் தேடுவோர் தம் குடும்பத்தில் எவராவது 1855இல் இறந்திருக்கமாட்டாரா என்று ஏங்குவதற்கு இதுவே காரணம். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிறந்து அவ்வாண்டில் மாண்ட ஒரு கிழவியின் ஒற்றைப் பதிவு மூன்று தலைமுறையை ஒரே பக்கத்தில் தந்துவிடும்.

இதனை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களே. தொழிலின் தொடக்க காலத்தில் அப்பக்கத்தை மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்குப் பல மாதங்கள் வாய்த்தது. இன்னாரின் பாசமிகு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும் எனத் தொடங்கி, பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டில் இருக்கின்றனர் என்பதுவரை நீளும் அப்பட்டியல் அன்று எனக்குச் சலிப்பூட்டியது. ஸ்கொட்லாந்து அரசாங்கம் ஓராண்டு மட்டுமே கேட்டுப் பதிந்த விபரங்களை நமது குடும்பங்கள் எவரும் கேளாமலே, தம் பணத்திலேயே பதிந்து வந்திருக்கின்றன. முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலரை யாழ்ப்பாணத்திற் கல்வெட்டு என்றே அழைக்கின்றோம். தாளில் அச்சிட்டதாயினும் அப்பெயர் பொருத்தமானதே. குடும்ப வரலாறும் வம்சாவளியும் அதில் உண்டு.

ஸ்கொட்லாந்துத் தேடலுக்கும் நம் மண்ணுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. கோப்பி, தேயிலைத் தோட்டங்களைத் திறக்க வந்த துரைமாரிற் பெருந்தொகையினர் வடகிழக்கு ஸ்கொட்லாந்தினர். கின்கார்டின்ஷயரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்தூரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். 1892இல் அத்தோட்டத்திலேயே இறந்து கண்டி மஹியாவ சேமக்காலையில் அடக்கமானார். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கண்டி தலதா மாளிகைக்கு அண்மையில் 1822இல் திறக்கப்பட்ட படையினர் சேமக்காலையிலும் ஐரோப்பியர் பலரின் கற்களைப் பார்த்திருக்கின்றேன். காட்டு யானையால் 1856இல் கொல்லப்பட்ட ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபேர்ட்சனின் கல் அவற்றுள் ஒன்று. இலங்கையிலுள்ள இத்தகைய கல்லெழுத்துகளை சிவில் சேவை அதிகாரி பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் கொழும்பில் வெளியிட்டார். தூர தேசத்தில் மாண்ட மகனின் குழி எங்கே என்று ஸ்கொட்லாந்திலிருந்து கேட்கும் குடும்பத்துக்கு இன்றும் விடை கிடைப்பது அதனால்தான்.

அதே தோட்டங்களைக் காடு வெட்டித் திறந்த தமிழ்த் தொழிலாளர்களின் குழிகள் எங்கே? தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பாதையோரத்தில் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோருக்குப் பெயர்ப் பதிவோ கல்லோ இல்லை. தோட்டத்தை அடைந்தவர்களும் கணக்கேடுகளில் ஆள் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். ஸ்கொட்லாந்திற் போர்வை வாடகைக்கு வழியற்றவன் எந்தக் காரணத்தால் ஏட்டிலிருந்து மறைந்தானோ, இவர்களும் ஏறக்குறைய அதே காரணத்தால் மறைந்தார்கள். ஏடுகளை வைத்திருந்தவர்களுக்கு அவர்களிடமிருந்து வரவு வைக்க எதுவும் இருக்கவில்லை.

ஆகவே ஏட்டை நோக்கி நாம் முதலிற் கேட்கவேண்டியது அதில் யார் பெயர் உண்டு என்பதன்று. அது எதற்காக, எவரால், எவருடைய பணத்தில் எழுதப்பட்டது என்பதே. அதனை அறிந்தவன் பெயர் இல்லாத இடத்திற் சோர்ந்துபோகமாட்டான். பங்குச் சபையின் விசாரணைக் குறிப்புகள், ஏழைகளுக்கு உதவிய கணக்கு, ஊர்விட்டு ஊர் செல்வோருக்குக் கொடுத்த நற்சான்றுகள் என வேறு ஏடுகளைத் திறப்பான். போர்வைக் கணக்கில் வராத ஏழை, உதவிக் கணக்கிற் பலமுறை வந்திருப்பான். பேர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் முறைப்படி அறிவிக்காமலே தம்பதியரானதை மொக்லின் பங்குச் சபை 1788 ஓகஸ்டில் ஏற்றுக்கொண்டதும் இத்தகைய சபைக் குறிப்பிலேதான் உள்ளது. பங்குப் பதிவேடுகளையும், 2021 முதல் சபைக் குறிப்புகளைப் பெருமளவிலும் ஸ்கொட்லண்ட்ஸ்பீப்பிள் என்னும் அரச இணையத்தளத்திற் பார்க்க முடிகின்றது. எடின்பரோவுக்குப் போகவேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

நமது நிலை வேறு. போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழைக்கூட இழந்த குடும்பங்கள் ஏராளம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவற்றை மீட்க முடியாது. ஆனால் எஞ்சியவை சிறிதல்ல. ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள், ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்புகள், பழைய காணி உறுதிகள், மரண அறிவித்தல்கள், கல்வெட்டு நூல்கள் என்பன இருக்கின்றன. நூலகம் என்னும் இணையத்தளம் நினைவு மலர்களை எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகின்றது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ வாழும் வாசகர்கள், அலுமாரியின் அடியிற் கிடக்கும் அம்மம்மாவின் கல்வெட்டைக் குப்பையில் இடுமுன் அதன் ஒரு பிரதியை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். மலையகத்து உறவுகள் தம் வீட்டு முதியோரிடம் தோட்டத்தின் பெயரையும், இந்தியாவில் விட்டுவந்த ஊரின் பெயரையும், இறந்தவர்களை எந்தப் பக்கம் புதைத்தார்கள் என்பதையும் இவ்வாரமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். திகதி தெரியாவிட்டால், எந்தப் பஞ்சத்துக்குப் பின், யார் பிறந்த ஆண்டில் என்று எழுதினாலும் போதும். சொன்னவரின் பெயரையும் சொன்ன நாளையும் அதன் கீழே குறிக்க மறவாதீர்கள்.